மிச்சம் ஒருவர்

முள்ளிவிளை மென்னோனைட் சபைக்கு
முன்பக்கம் வாசல் கிடையாது.
புதிதாய் வருகிறவர் சுவரைச் சுற்றிச் சுற்றி வருவார்.
காரணம் பதிவேட்டில் இருக்கிறது,
பிரீசன் ஐயர் கப்பலேறிய மறுவருஷத்துப் பக்கத்தில்,
செல் அரித்தது போக.

நாங்குநேரிக் கோர்ட்டில் மனை வழக்கு.
எங்கள் சாட்சி உதவிக்காரர் ஞானாபரணம்.
சத்தியம் பண்ணமாட்டேன் என்றார்.
எங்களில் யாரும் பண்ணுவதில்லை.
சரி, சும்மாவே சொல்லும் என்றார் முன்சீப்,
அந்தப் பதினோரு பனை யாருக்கு?

"அவியளுக்குத்தான்."

எதிர்த்தரப்பு வக்கீலே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
பனையோடு போனது பாதி மனை,
அதோடு வாசலும்.

அந்த வருஷம் பெரிய வியாழன்,
கால் கழுவும் ஆராதனை.
இருவர் இருவராய் உட்கார வேண்டும்.
ஆண்கள் முப்பத்தைந்து, பேசின் நான்கு.
"ஜோடி பதினேழு. மிச்சம் ஒருவர்."
பேர் போடவில்லை.
கையெழுத்து ஞானாபரணத்துடையது.

அடுத்த வருஷமும் மிச்சம் ஒருவர்.
அதற்கப்புறம் காலரா,
கொழும்புக்குப் போனவர்கள் பட்டியல்,
ஓடு மாற்றிய செலவு.

பதினொன்றில் நான்கு பனை இன்னும் நிற்கிறது,
வேலிக்கு அப்பால்.
பதிவேடு இப்போது என்னிடம்.
நாங்கள் ஒன்பது ஆண்கள்.
பேசின் ஒன்று, பிளாஸ்டிக்.
வியாழக்கிழமை யாரும் முந்திப்போய்
ஜோடி பிடிப்பதில்லை.
பக்கவாட்டு வாசலோரம் போட்டிருக்கும்
அந்த ஒற்றை நாற்காலிக்குத்தான்,
செருப்பைக் கழற்றிவிட்டு,
கொஞ்சம் தள்ளுமுள்ளு.