காலுறை கட்டாயம்

செங்காங்கில் மழை விடவில்லை.
காலை பத்தே காலுக்கு
கடைத்தொகுதியின் நான்காம் மாடியில்
துணைப்பாட நிலையத்துக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்
தள்ளுவண்டியை மடக்க ஒரு கை போதாமல்
முழங்காலால் உதைக்கிறேன்.

"காலுறை?" என்கிறாள் முகப்புப் பெண்.
அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த காலுறை.
நேயாவுக்கு உண்டு.
செழியனுக்கு உண்டு, நீலம்.
பால், மாற்றுத் துணி, ஈரத்தாள், உலர்திராட்சை,
காய்ச்சல் மருந்து, எல்லாம் எடுத்தவள்
என் கால்களை மறந்துவிட்டேன்.
மூன்று வெள்ளி.
இளஞ்சிவப்பு மட்டும்தான் இருக்கிறதாம்.

மணிக்கட்டில் காகிதப் பட்டை. இரண்டு மணி நேரம்.
பத்து மாதக்காரன்
பந்துக் குளத்தைப் பார்க்கவில்லை,
ஒளிரும் சுவரைப் பார்க்கவில்லை,
பட்டையைத்தான் தின்னப் பார்க்கிறான்.
இருபத்தெட்டு வெள்ளி.
வீட்டிலேயே ஒரு பழைய ரசீதைக் கொடுத்திருக்கலாம்.

அதற்குள் நேயா மாயமானாள்.
வலை ஏணி, உருளை, தொங்கு பாலம், மறுபடி வலை.
மூன்றடுக்குக் கூண்டில் எங்கோ
அவள் பச்சைச் சட்டை ஒருமுறை தெரிந்தது.
பிறகு இன்னொரு பச்சைச் சட்டை,
அது வேறு யார் பெற்றதோ.

பிறகு அந்தக் குரல்.
"மம்மி" என்று இருபது பிள்ளைகள் கத்தும் கூடம் இது,
ஒவ்வொரு முறையும் நாங்கள் எல்லாரும் திரும்புவோம்.
"அம்மா, கால் மாட்டிக்கிச்சு"
எனக்கு மட்டும் வந்த கடிதம்.

குழந்தையோடு ஏற முடியாது.
பக்கத்து மெத்தையில்
தன் பெண்ணுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தவள்
சரிந்த முக்காட்டை இழுத்துவிட்டு
என்னைப் பார்த்தாள், மேலே பார்த்தாள்,
கையை நீட்டினாள்.
பேர் கேட்கவில்லை.
அரிசி மூட்டை கை மாறுவதுபோல் மாறினான் செழியன்.
போ போ என்றது அவள் முகவாய்.

முப்பத்து நான்கு வயதில் உருளைக்குள் நுழைவது
பிறப்பதைவிடக் கடினம்.
அப்போது யாரோ தள்ளினார்கள்.
முழங்கை தேய, இடுப்பில் கைபேசி குத்த,
இளஞ்சிவப்புக் கால்கள் வழுக்காமல் போகிறேன்
(புள்ளிகளே, மூன்று வெள்ளி தகும்).
வளைவில் எதிரே ஒரு சீன அப்பா,
கழுத்தில் அலுவலக அட்டை தொங்கத்
தவழ்ந்து வருகிறார்.
எம்ஆர்டி கதவருகே போல
இருவரும் சாரி சாரி என்கிறோம்.
அவர் வயிற்றை உள்ளிழுக்கிறார், நான் மூச்சை.

வலைக்கண்ணில் ஒரு பெருவிரல்.
லேசாக நெகிழ்த்தினேன், வந்துவிட்டது.
அவ்வளவுதான்.
அழுகை நின்ற கையோடு
"இங்க உக்காரு" என்கிறாள்.
உட்கார உயரம் இல்லை.
படுத்தேன்.

கூரைக்கு ஒரு முழம் கீழே,
குளிரூட்டிக் குழாயின் தூசிக்குப் பக்கத்தில்
மழைச் சத்தம் கேட்டது.
கீழே அதைப் பாட்டுப் போட்டு மூடியிருக்கிறார்கள்.
யாரும் என்மேல் இல்லை.
மடியில் இல்லை, மார்பில் இல்லை.
நேயாகூட அடுத்த உருளைக்குப் போய்விட்டாள்.

வலையின் ஓட்டை வழியே
செழியன் தெரிகிறான்,
பேர் தெரியாத மடியில், வாழைப்பழம் தின்றுகொண்டு.
சளி பிடிக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.
இறங்கியிருக்கவும் வேண்டும்.
இன்னும் கொஞ்சம் கிடந்தேன்.
எவ்வளவு நேரம் என்று பட்டையில் எழுதவில்லை.

இரவு குளிக்க வைக்கும்போதுதான் பார்த்தேன்.
இடது காலில் நீலம், நம்முடையது.
வலது காலில் மஞ்சள்,
வாத்து போட்டது, சற்றே பெரியது.

எதிர் புளோக்கில் அத்தனை சன்னல்களிலும் விளக்கு.
எந்த வீட்டிலோ இப்போது ஒருத்தி
ஒற்றை நீலத்தைத் தூக்கிப் பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"அந்த பேபிக்குக் கால் குளிருமே" என்றாள் நேயா.
சிங்கப்பூரில் குளிராது, தூங்கு என்றேன்.
துவைத்து
சமையலறைச் சன்னலின் உள்பக்கம்
மூங்கில் கழியில் மாட்டினேன்.
மழை இன்னும் விடவில்லை.
வாத்துக்கு அதில் ஒன்றும் குறையில்லை போல.