நூற்றுக்கு முப்பத்தெட்டு

செட்டியார் தெருவுக்குக் கரண்ட் வர
இன்னும் கால்மணி நேரம்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
காரட் மெஷின் கண்மூடிக் கிடக்கிறது.
அதன் பக்கத்தில் நான்,
மாதச் சம்பளத்துக்கு உண்மை சொல்பவள்.

கொம்பனித் தெருவிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.
செருப்பு வாரில் ஊக்கு.
பெயர் கேட்டேன். ரிஸ்மினா சல்தீன்.
கைக்குட்டையின் நாலு முடிச்சை
ஒவ்வொன்றாகப் பல்லால் அவிழ்த்து
கண்ணாடிமேல் வைத்தாள்
உள்ளங்கை நிறைய ஒரு வெள்ளிக்காசு.

முன்பக்கம் ஓர் ஆள்.
மார்பில் இரும்புக் கவசம்,
தலையில் இரவல் முடி.
மூக்கு தேய்ந்து பளபளத்தது.
பின்பக்கம் கேடயம்,
கேடயத்தில் ஒரு மிருகத்தின் தலை.
"கரடி," என்றாள்.
எனக்குப் பன்றியாகப் பட்டது.
சொல்லவில்லை.

"இவர் துவான் பெசார்.
ராஜா இல்ல. ராஜா மாதிரி.
கடலுக்கு அங்கால ஒரு பிரபு,
ஒரு முழுப் படைக்குச் சொந்தக்காரர்.
படைய கொம்பனிக்கு வாடகைக்கு விட்டவராம்.
சொந்தத் தலைய சொந்தமா அடிச்சு
சம்பளமாக் குடுத்தவராம்.
எங்கட ஆள் ஒருத்தர்
அவருக்குக் கீழ கோட்டை மதில்ல காவல்.
மூணு மழைக்கு இந்த ஒண்டுதான் கூலி.
செலவழிக்க மனம் வரல்லையாம்."

தராசில் இருபத்தெட்டுக் கிராம்,
அதற்குமேல் ஒரு தூசு.
விளிம்பைத் திருப்பியபோதுதான் பார்த்தேன்,
ஒரு வெட்டு.
உளி வைத்து, ஒரே அடி,
பாதியில் நின்றது.
உள்ளே அழுக்குக் கறுத்துக் கல்லாகியிருந்தது.

எனக்கு முன்னால்
எனக்கிருக்கும் இதே வேலையில் இருந்த எவனோ
கவசத்தையும் முடியையும் நம்பாமல்
உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான்.
பார்த்தவன் ஏன் நிறுத்தினான்?
எதிரில் நின்ற சிப்பாயின் முகம்
அவனுக்கும் இப்படித்தான் தெரிந்ததோ.

மின்விசிறி ஒரு தடவை இருமியது.
கரண்ட்.
மெஷின் கண் விழித்தது.

முகத்தில் வைத்தேன்:
எண்பத்தொன்று.
அவள் சிரித்தாள், முதல் தடவையாக.
அழுக்கைக் கிளறிவிட்டு
வெட்டுக்குள் வைத்தேன்:
முப்பத்தெட்டு.
மீதி செம்பு, கொஞ்சம் ஈயம்.
இன்னொரு முறை வைத்தேன்.
முப்பத்தெட்டுத்தான்.

புளித்த எதிலோ ஊறப்போட்டு
மேல்தோலை மட்டும் வெளுத்திருக்கிறார்கள்.
தலைக்கு ஒரு தரம்,
வயிற்றுக்கு ஒரு தரம்.

எப்படிச் சொல்வது என்று
கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
திரையை அவளே எட்டிப் பார்த்தாள்.
"அப்ப அந்த ஆளுக்கும்
முழுச் சம்பளம் வரல்லையா?"

அழவில்லை.
கண்ணாடியில் இரண்டு கையும் ஊன்றி
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.
அவள் புருஷன் வெள்ளவத்தையில்
ஒரு வங்கி வாசலில் செக்யூரிட்டி.
மூன்று மாதமாகச் சீருடை மட்டும்
ஒழுங்காகக் கொடுக்கிறார்களாம்.
"இண்டைக்கே போய்ச் சொல்லோணும்.
குடும்பத் தொழில்."

முதலாளி விலை சொன்னார்.
கேஸ் சிலிண்டருக்குப் பாதிகூட இல்லை.
பழைய காசு சேர்ப்பவர்கள்
கூடக் கொடுப்பார்கள், தேடிப் பாருங்கள் என்றேன்
முதலாளி காதுபடவே.
"தேடுற நேரத்துல சோறு வேகாது, மகள்.
எழுதுங்க."

பில் புத்தகத்தைத் திறந்தேன்.
பொருள்: பழைய வெள்ளி, கலப்பு.
அடையாளம்: ஆண் தலை, விளிம்பில் வெட்டு.
விற்பவர் பெயர் என்ற இடத்தில் என் விரலைப் பிடித்தாள்.

"என்ட பேர் வேணாம்.
இது அவர்ட சம்பளம்.
அவர்ட பேரப் போடுங்க:
துவான் கிச்சிலான்."

முதலாளி செருமினார்.
போட்டேன்.
அடையாள அட்டை இலக்கம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.