வாளிக்கு மூடி

ஆடி பிறந்தால் எங்களுக்கு இரவு கிடையாது.
கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய மறுநாளே
பனமரத்துப்பட்டியில் இரண்டு மணிக்கெல்லாம்
நெற்றி விளக்குகள் செடிக்குள் அலையத் தொடங்கும்.
மொட்டாகப் பறிக்க வேண்டும்,
விரிந்துவிட்டால் பாதி விலை.

காம்பு ஒடிகிற இடத்தில் கசிவது
காய்ந்து விரலைக் கறுப்பாக்கும்.
இருமுறை சோப்புப் போடாமல்
சோற்றில் கைவைக்க மாட்டோம்.
ஆடு மேயாது.
மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
காய் பழுக்க நாங்கள் விடுவதில்லை,
ஏனென்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதுமில்லை.

பூனையைப் பற்றித்தான்
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

சாம்பல் உடம்பு, நாலு காலிலும் வெள்ளை வளையம்.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்குப் பற்றவைக்கிற
என் நாத்தனார் தூக்கிப் பார்த்து
"அறுபது டச் தேறும்டி" என்றாள்.
அன்றிலிருந்து அதன் பெயர் கொலுசு.

விற்காத பூவை நீல வாளியில் நனைத்து வைத்திருந்தேன்.
வெயிலுக்கு வந்தது, விளிம்பில் முன்னங்கால் ஊன்றி
நக்கி நக்கிக் குடித்தது.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
தண்ணீர்தானே.

பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை.
நெஞ்சில் கை வைத்தால்
துடிப்பு இரண்டு தட்டி ஒன்றை விழுங்கியது.
மாதையன் வண்டியை உதைத்தார்.
பூக்கூடைக்குள் துண்டு, துண்டுக்குள் கொலுசு,
சீலநாயக்கன்பட்டி பைபாஸில் லாரிகள் விலகவே இல்லை.

"என்ன சாப்பிட்டுச்சு?"
மீன்தலை என்றேன்.
"வேற?"
எலி பிடித்திருக்கும் என்றேன்.
டாக்டர் ஷெர்லி பேனாவை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார்.
பேசவே பேசாத என் வீட்டுக்காரர்
இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தார்.
பத்து விரலும் கறுப்பு.
"அரளியா?" என்றார் டாக்டர்.
எங்கள் சோற்றின் பெயரை
அப்படி ஒருவர் கேட்டு
அன்றுதான் கூசினேன்.

ஊசி, குளுக்கோஸ், இரண்டு ராத்திரி.
நடுவில் அவர் வேறொன்று கேட்டார்:
வீட்டில் லில்லி இருக்கிறதா?
இருந்தது.
ஏற்காடு கோடை விழாவில் தாரிகா வாங்கி வந்த தொட்டி,
என் தையல் மிஷின் பக்கத்தில்.
அந்த மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே
சிறுநீரகம் போய்விடுமாம்.
"அழகா இருக்கறத முதல்ல தூக்குங்க" என்றார்.
"எங்க பிழைப்பே அரளிங்க" என்றேன்.
"அதுக்கு மூடி போடுங்க."

லில்லி தாரிகாவின் டீச்சர் வீட்டுக்குப் போனது,
பூனை இல்லையென்று மூன்றுமுறை கேட்ட பிறகு.
திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகத் தொங்கிய கற்றாழையும்
ஆகாதாம்.
எட்டாத உயரத்தில் கட்டலாமென்று
மாமனார் ஏணி போட்டார்.
கொலுசுக்கு எட்டாத உயரம் ஒன்று இந்த வீட்டில் இல்லை.
கண் பட்டால் படட்டும் என்று அவிழ்த்துவிட்டோம்.

கவாத்துக் கழிவை எரித்தால் புகையும் கெடுதலாம்,
குழி வெட்டிப் புதைத்தோம்.
வாளிக்கு மூடி, மூடிமேல் அம்மிக்குழவி.
மொட்டு மூட்டை திண்டில் இறங்காமல்
நேராக டெம்போவில் ஏறுகிறது.
பெயிண்ட் டப்பாவில் அறுகம்புல் வைத்திருக்கிறேன்,
அதைத் தின்று, என் பாயில் கக்கிவிட்டு,
மறுபடி போய்த் தின்கிறது.
வரப்பில் குப்பைமேனி தானாக முளைக்கிறது.
பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு.
எதையும் வணங்கி நான் இதைப் பார்த்ததில்லை.

அரை ஏக்கருக்கு மூடி கிடையாது.
பிடுங்கிப் போட்டால்
கூட்டுறவு சங்கத்துக் கடனை யார் கட்டுவது?
அதனால் பறிக்கிற நேரத்தில்
கொலுசை உள்ளே போட்டுத் தாழிடுகிறேன்.

இரண்டரை மணி.
விளக்கைத் திருப்பினால்
ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இரண்டு பச்சை.
நான் ஒடிக்க ஒடிக்க
அது கத்துகிறது,
தெருவே எழுந்துகொள்ளும்படி,
என் வம்சத்தையே இழுத்து.

திட்டட்டும்.