ரெண்டு மணிக்குப் பிறகு

ரெண்டு மணிக்குப் பிறகு வாங்க, என்றார்கள்.
பிறப்புச் சான்றிதழில் என் கடைசி எழுத்தைக் காணோம்.
யோகமலர், யோகமல ஆகியிருக்கிறாள்.
"சிங்களத்தில அதுவும் பூதானே தங்கச்சி"
என்று சிரித்தார் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்.
நானும் சிரித்தேன்.
சிரிக்காதவர்களின் கோப்பு
அடியில் போய்விடும்.

நுவரெலியாவில் மூன்று மணித்தியாலத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பது?
டிக்கெட் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குள் போனேன்.
டேலியா. ரோஜா. சீப்பு வைத்து வாரிய புல்.
மரத்துக்கு மரம் தகரத்தில் பெயர்,
மூன்று மொழியிலும்,
ஓர் எழுத்துக்கூடக் குறையாமல்.
புதுமணச் சோடி ஒன்று படத்துக்காக
ஒரே பாத்தியை எட்டுத் தரம் சுற்றியது.
மணப்பெண்ணின் கை
குளிரில் மயிர்க்கூச்செறிந்திருந்தது.

கழிப்பறை தேடித்தான் பின்பக்கம் போனேன்.
தண்ணீர்த் தாங்கிக்கும்
உடைந்த ஊஞ்சல்களின் குவியலுக்கும் நடுவே
கம்பிவேலி வளைந்து
ஓர் ஆள் நுழையும் இடைவெளி.
அப்பால் ஒரு பாதை.
பாதை என்றால்
யாருக்கோ புல் விட்டுக்கொடுத்த இடம், அவ்வளவுதான்.

பத்து அடிக்குள் பஸ் ஹோர்ன் பாதியானது.
பிறகு பன்னம், பாசி, ஈரத்தில் கறுத்த கிளைகள்,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும் மூங்கில்.
ஒன்றிலும் தகரம் இல்லை.
கீழே ஓடிய தண்ணீரில்
யோகட் கோப்பை ஒன்று
கல்லில் முட்டி முட்டி வழி கேட்டது.

தேயிலைச் சரிவில் பழகிய கால் எனக்கு.
எந்தப் பாதையும் அங்கே சும்மா கிடந்ததில்லை.
பெரட்டுக்கு ஒன்று, தராசுக்கு ஒன்று,
பிள்ளைக்காம்பராவுக்கு ஒன்று,
சவம் கொண்டுபோக ஒன்று.
இது எதற்கு என்று
கால் என்னைக் கேட்டுக்கொண்டே நடந்தது.
எனக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்பதை விட்டது.

அப்போதுதான் அந்தக் குருவி.
வாலைக் கடையில் மறந்துவைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு கட்டை உருவம்.
முதுகில் பச்சை, அடிவயிற்றில்
யாரோ தொட்டுவைத்த குங்குமம்.
கோப்புப் புரட்டுவதுபோல
சருகைப் புரட்டியது, ஒவ்வொன்றாக.
ஆனால் இது தேடியதைக் கண்டெடுத்தது.
விழுங்கியது.
என்னை ஒரு தரம் பார்த்தது,
பெயர் கேட்கவில்லை.

பதினொரு நிமிடத்தில் பாதை முடிந்துவிட்டது.
மரக்கறிச் சந்தையின் பின்சுவர்,
அழுகிய லீக்ஸ் வாசனை,
ஒரு லொறியின் ரிவர்ஸ் பாட்டு.
ஏமாந்த மாதிரி இருந்தது.
திரும்பி அதிலேயே நடந்தேன்.
பிறகு இன்னொரு தரம்.

கவுண்டருக்குப் போகும்போது ரெண்டரை.
பாவாடை விளிம்பெல்லாம் ஒட்டுப்புல்.
கையெழுத்துப் போடக் குனிந்ததில்
ஒரு விதை அவருடைய கோப்பில் விழுந்தது.
அவர் தட்டிவிடவில்லை, கவனிக்கவில்லை,
மூடிக் கட்டிவிட்டார்.

சான்றிதழில் இந்தத் தரம் என் எழுத்து இருந்தது.
யோக, மலர் என்ற ரெண்டுக்கும் நடுவில்தான்
ஓர் இடைவெளி.
"இதையும் திருத்தணும்னா
செவ்வாய்க்கிழமை வரணும். ரெண்டு மணிக்குப் பிறகு."

காலையிலேயே வாறேன் என்றேன்.
அவர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.