முப்பத்தொன்பதில் பாதி

நான் இடம் போட்டுத் தரும் நெடுந்தொலைவு ரயில்களில்
ஒன்றுகூட இந்த மலை ஏறியதில்லை.
குன்னூர் நிலையத்துக்கு வருவதெல்லாம்
தண்டவாளப் பல்லைக் கடித்துக் கடித்து ஏறும்
நீலக் குட்டிவண்டி.
குகைக்குள் நுழைந்ததும் அதில் ஊளை கிளம்பும்,
வெளியே வந்ததும் கைதட்டல்.
போய்ச் சேர்வதற்காக யாரும் அதில் ஏறுவதில்லை.

என் சாளரத்தில் நிற்பவர்கள் வேறு.
தேயிலைக் கறை போகாத விரல்களில்
நான்காய் மடித்த விண்ணப்பம்.
கும்லா என்பார்கள், சிம்டேகா என்பார்கள்.
துளைக் கண்ணாடி வழியே மூடுபனியும் வந்து
வரிசையில் நிற்கும்.
முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுத்தான்
எத்தனை இடம் மிச்சம் என்று பார்ப்பேன்.
பெரும்பாலும் மிச்சம் இருக்காது.

தொலைதூர ரயிலைப் பற்றி
நல்லதாக நாலு வார்த்தை கேட்டால்
நான் சரியான ஆள் இல்லை.
இலாகா பாஸில் ராஞ்சி வரை ஒருமுறை போனேன்.
ஜோலார்பேட்டையில் வாங்கிய தயிர்சாதம்
விஜயவாடாவில் பழிவாங்கியது.
ராயகடா தாண்டியதும் குழாயில் காற்றுதான் வந்தது.
நிலக்கரிக்கு வழிவிட்டு வழிவிட்டு
ஆறு மணி நேரம் தாமதம்;
எங்களைவிட அதற்கு அவசரம்.
இரண்டாம் இரவில் யாரோ
என் இடது செருப்பை மட்டும் எடுத்துப் போனார்கள்.
வலதை வைத்துக்கொண்டு
ஒடிசா முழுவதும் என்ன செய்வது?

எதிர்ப்படுக்கை அம்மாள்,
என் மொழி அவளுக்கில்லை, அவள் மொழி எனக்கில்லை,
நான் எழும்போதெல்லாம்
தன் ரப்பர் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவாள்.
தூக்கத்திலும் தள்ளினாள்.
இறங்கும்போது பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

பத்து நாள் முன்பு வந்தவள்
சலோமி டிர்க்கி, இருபத்தொன்பது, பெண்,
கீழ்ப்படுக்கை வேண்டும்.
காத்திருப்போரில் நாற்பத்தேழு என்றது கணினி.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
"கோயம்புத்தூரிலிருந்து ஃப்ளைட் இருக்கே"
என்று சொல்லிவிட்டேன். எரிச்சல்தான்.

"ரெண்டுலயும் போயிருக்கேன் மேடம்"
என்றாள், நாலு வருஷத் தமிழில்.
"அம்மா செத்தப்போ ரயில்ல போனேன்.
போய்ச் சேர்ந்தப்போ குழி மேல
மண் காஞ்சு வெடிச்சிருந்துச்சு.
அப்பா செத்தப்போ மேஸ்திரி கடன் கொடுத்தார், பிளேன்.
காலையில கொழுந்து பறிச்ச கை
ராத்திரி அப்பா நெத்தியில.
அழுகையே வரலை.
அது பின்னாடி ரயில்ல
வந்துகிட்டு இருக்குன்னு நெனச்சேன்.
ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு, சரியா.
அப்போ வீட்ல எல்லாரும் அழுது முடிச்சு
சோறு தின்னுகிட்டு இருந்தாங்க."

நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.
"இப்போ எதுக்குப் போறே?"
"தங்கச்சிக்குக் குழந்தை.
அதுக்கு ரயில் போதும்.
அது எங்கயும் போகாது."

நாற்பத்தேழு முப்பதானது, முப்பது பதினொன்று.
சாப்பாட்டு நேரத்தில்
யாருக்கும் தெரியாமல் எண்ணைத் தட்டிப் பார்ப்பது
எனக்கு வழக்கமில்லை.
பார்த்தேன்.

இன்று காலை பட்டியல் வந்துவிட்டது.
முழுப் படுக்கை இல்லை.
ஆர்.ஏ.சி., எஸ் நான்கு, முப்பத்தொன்பது,
பக்கவாட்டுக் கீழ், பாதி.
மறுபாதி ஈரோட்டில் ஏறும்:
ஆண், அறுபத்தொன்று.
இருவரும் உட்கார்ந்து போகலாம் என்கிறது விதி.
இரண்டு இரவுக்கு நாலு கால்களை
எப்படி மடிப்பதென்று அதில் இல்லை.
குறட்டைக்காரரா, கால்வலிக்காரரா,
தள்ளிப் படுப்பவரா,
வயதைத் தாண்டி எதுவும் என் திரைக்குத் தெரியாது.

முதல் பேருந்தில் அவள் இறங்கியிருப்பாள்.
இந்நேரம் பர்லியாறு தாண்டி,
காது அடைத்துத் திறந்து,
சமவெளி வெயில் முகத்தில் அடிக்க.

செருப்பைத் தலைக்கு வைத்துப் படு என்று
சொல்ல மறந்துவிட்டேன்.