ஐம்பதில் ஒரு பங்கு

ஓதெப்பாவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினெட்டு.
உர்மாஸ் இரண்டு படங்களோடு வருகிறார்:
மைத்துனரின் டிஜிட்டல் கேமராவில் ஒன்று,
தன் கேம்கார்டரில் ஒன்று.
"எது நன்றாக வரும்? சுவரில் மாட்ட வேண்டும்."

பிரிண்ட் போடுகிறவள் நான், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

முதலாவதில் நாற்பது லட்சம் புள்ளிகள்.
பனி உப்புப் பரல்களாகத் தனித்தனியே,
பதாகையின் தையல்கூடத் தெரிகிறது.
லெய்தா மட்டும் இல்லை.
பொத்தானை அழுத்தியதும் அந்தக் கேமரா
ஒரு மூச்சு யோசித்திருக்கிறது.
ஓரத்தில் அவள் சறுக்குக் கட்டையின் வால்.

கேம்கார்டரில் இருக்கிறாள்.
இருக்கிறாள் என்றால்,
நாலே லட்சம் புள்ளிகளில் பிசைந்த முகம்,
தொப்பியின் சிவப்பு கன்னத்தில் கசிந்து,
உயர்த்திய கை சீப்புப் பல்லாகக் கிழிந்து.
ஒரு வரியில் இந்தக் கணம்,
அடுத்ததில் ஐம்பதில் ஒரு பங்கு நொடி தள்ளி.

"பாதி வரிகளை நீக்கினால் கிழிசல் போய்விடும்" என்றேன்.
"எந்தப் பாதியை?"

பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒற்றைப்படை வரிகளில் அவள் பாதம்
எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்.
இரட்டைப்படையில் அந்தப் பக்கம்.

ஐந்தரை மணி நேரம் ஓடியிருக்கிறாள்.
கடைசியிலிருந்து நாலாவது.

"கை வைக்காதீர்கள்" என்றார்.
உள்ளங்கை அளவுக்கு மேல் தாங்காது என்றேன்.
"போதும்."

காசு எண்ணும்போது ஞாபகம் வந்தவராய்,
மைத்துனருக்கு அந்தப் பனியையும் ஒன்று
போடச் சொன்னார், பெரிதாக.