அட்வான்ஸ்

பள்ளிகொண்டா பேண்ட் செட்டின் ட்ரம்பெட் எத்திராஜு
அன்றைக்குப் பாடையில்.
"சொந்த ஆளுக்கு எதுக்குய்யா ரேட்டு?" என்றாள் பெண்டாட்டி.
"மூணு முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டுச் செத்திருக்கான்," என்றார் மாஸ்டர்.
ஒப்பாரிக்காரி சிரித்துவிட்டு, மூக்கைச் சிந்தி,
விட்ட அடியிலிருந்து தொடர்ந்தாள்.

வாசித்ததெல்லாம் கல்யாணப் பாட்டு.
டோல்கேட்டில் நின்ற லாரிகள்
ஹாரனில் சுருதி சேர்த்தன.
தூக்கியவர்கள் போட்ட குத்தில்
அவன் தலையும் ஆடியது, தாளம் தப்பாமல்.
உயிரோடு இருந்தவரை தப்பும்.

பாலாற்று மணலில் இறக்கியதும்
மகன் ட்ரம்பெட்டைக் கவிழ்த்தான்.
அப்பனின் எச்சில், நாலு சொட்டு.
அந்த வருஷம் ஆற்றில் ஓடிய தண்ணீர் அவ்வளவுதான்.

கொள்ளி வைத்துத் திரும்பியவன் தோளில் கை போட்டு
மாஸ்டர் மெல்லச் சொன்னார்:
"ஞாயித்துக்கெழம குடியாத்தம். அஞ்சு மணிக்கு வேன்.
மொட்டை பரவாயில்ல, தொப்பி தரோம்."